மல்லாந்து படு, ரத்னா!

"ஆ...!"

அலறல் பொன்னேரி ரயில்வே லைன் ஓரத்துத் தெருவைக் கிழித்தது.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வீட்டிலிருந்து அலறல் வருவது புதிதல்ல. கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் லேத் ஓட்டும் திருமலைக்குக் கணையத்தில் நோய். நாலைந்து வருஷமாக, சாப்பாடு உள்ளே போனால் அலறல் வெளியே வரும். மில் சங்கைப் போல அதற்கும் தெரு பழகிவிட்டது.

ஆனால்...

இன்று அலறியது பெண் குரல்!

திருமலையின் மனைவி ரத்னா!

சற்று நேரத்தில் அவள் டாக்டர் வீரராகவனின் நர்சிங் ஹோமில் இருந்தாள். கட்டிலில் குந்தி, முழங்காலை மடக்கி, தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்பக்கம் குனிந்து...

எதிரே இன்ஸ்பெக்டர் சாலமோன்.

"யாரும்மா வெஷம் வெச்சது?"

ரத்னா விரலை நீட்டினாள். விரல் போய் நின்ற இடத்தில்...

நர்ஸ் பரீதா!

பழவேற்காட்டுப் பெண். அந்த நர்சிங் ஹோமில் வேலை. திருமலைக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டதால், தினம் காலையில் வீடு தேடிப் போய் ஊசி போடுவாள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். இப்போது கையில் விலங்கு விழுந்தால் வேலையும் இல்லை, நிக்காஹும் இல்லை!

ரத்னா விக்கி விக்கிச் சொன்னாள். காலையில் பரீதா வந்தாளாம். அவளுக்கும் சேர்த்து ரத்னாவே டீ போட்டாளாம். சர்க்கரை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பரீதாவின் கை தன் டம்ளருக்கு மேல் போனதாம். குடித்த பிறகு வலியாம்.

"எம் புருசன் மேல அவளுக்குக் கண்ணுங்க ஐயா. என்னைத் தீர்த்துக்கட்டிட்டு ஊட்டுக்கே வந்துடலாம்னு பாக்குறா."

சாலமோன் பரீதாவின் பையைக் கவிழ்த்தார்.

பஞ்சு... ஊசிப் பெட்டி... ஸ்பிரிட் பாட்டில்... அப்புறம்...

எலிப் பாஷாண டியூப்! கால்வாசி காலி!

பரீதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அல்லாவாணை எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

மூலை பெஞ்சில் திருமலை. வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்தான். நாலு பேர் பார்க்கும்போது மனைவியைப் பார்த்தான். மற்ற நேரமெல்லாம் பரீதாவை!

"கெளம்புமா" என்றார் சாலமோன், பரீதாவிடம்.

"ஒரு நிமிஷம் இன்ஸ்பெக்டர்."

டாக்டர் வீரராகவன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். வாந்தி எடுத்தாளா என்று கேட்டார். இல்லையாம். தொண்டை எரிச்சல்? அதுவும் இல்லையாம்.

"வலி எங்க இருக்கு?"

ரத்னா தொப்புளுக்கு மேலே நடு வயிற்றைத் தொட்டாள். "இங்க கடப்பாரை குத்துற மாதிரி கீது. அப்படியே முதுகுக்கு ஓட்டை போட்டுக்கினு போவுது."

டாக்டரின் புருவம் லேசாக ஏறியது.

"மல்லாந்து படு, ரத்னா."

"ஐயோ, மல்லாந்தா உயிரே போயிடும் டாக்டரே. குனிஞ்சாதான் கொஞ்சம் தேவலை."

குனிந்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, குடல் சத்தம் கேட்க வேண்டும், பேசாதே என்றார். ஸ்டெதாஸ்கோப்பை அவள் காட்டிய இடத்திலேயே வைத்தார். வைத்தவர் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். குழாயின் வட்டு பாதி புதைந்தது!

ரத்னா முனகக்கூட இல்லை.

ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதே இடத்தை ஒற்றை விரலால், இறகு படுவது போலத் தொட்டார்.

"ஆ...!"

சாலமோன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சாலமோனைப் பார்த்தார்.

பாஷாணம் தின்றவர் இப்படித் தலையணையை அணைத்து உட்கார மாட்டார், புரண்டு புரண்டு கக்குவார் என்றார் டாக்டர். குனிந்தால் தேவலை, மல்லாந்தால் உயிர் போகும், முதுகைத் துளைக்கும்... அதெல்லாம் கணைய வலி!

"அப்ப இந்தம்மாவுக்கும் அதே நோயா?"

"அது வருஷக்கணக்கா அரிக்கிற நோய் சார். டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல வராது." டாக்டர் ரத்னாவின் பக்கம் குனிந்தார். "அம்மா... இது உன் வலி இல்ல. உன் புருஷனோட வலி. உனக்குத் தெரிஞ்ச வலி இது ஒண்ணுதான், இல்லையா?"

தலையணை நழுவிக் கீழே விழுந்தது.

பாஷாணத்தைப் பையில் வைத்தது தான்தான் என்றாள் ரத்னா.

ஏன்?

இதற்குத்தான்: பரீதா தினமும் திருமலையின் வயிற்றில் கையை வைத்து, "ரூபாய்க்கு எத்தனை அணா வலி, சொல்லுங்க" என்று கேட்பாள். ரூபாய்க்குப் பதினாறணா போய் நயா பைசா வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நர்சிங் ஹோமில் மட்டும் வலிக்கு அந்தக் கணக்குத்தான். திருமலை கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு கேட்கிறவன் மாதிரி, "பன்னெண்டணா" என்பான்.

"ராத்திரி ராத்திரியா முதுகு அமுக்குனவ நான். இன்னாயா, எப்படிக்கீதுன்னு நான் கேட்டா 'தூரப் போ'ம்பான். அவகிட்ட பன்னெண்டணா, பதிமூணணா. எங்கிட்ட ஓரணா கூட சொன்னதில்ல சார்."



பரீதா அழுதுகொண்டிருந்தாள். புகார் கொடுக்கிறாயா, இந்தம்மாவை உள்ளே தள்ளட்டுமா என்று சாலமோன் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நெஜமான வலிக்காரனை எப்படித்தான் கண்டுபுடிப்பீங்க டாக்டர்?" சாலமோனுக்கு ஆர்வம்.

"இதோ பாருங்க."

டாக்டர் திருமலையின் சட்டையை உயர்த்தினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். திருமலை கவனிக்கவில்லை. அவன் கண் முழுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பரீதாவின் மேல்!

"அயுவாத பரீதா... அதான் எல்லாம் தெரிஞ்சிபோச்சில்ல..."

டாக்டர் அழுத்தினார். வட்டு புதைந்தது. திருமலை ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தான்.

டாக்டர் இன்னும் ஆழமாக அழுத்தினார்.

ஒன்றுமே இல்லை!

டாக்டர் மெதுவாக நிமிர்ந்தார். கணையம் முழுக்கக் காய்ந்து போனால், சிலருக்கு வலி தானே செத்துப்போவதுண்டு என்றார். சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

"வலி எப்ப நின்னுச்சு திருமலை?"

திருமலை சுவரைப் பார்த்தான். "ஆடி மாசம் டாக்டர்."

இப்போது மாசி!

பரீதாவின் அழுகை நின்றது. அவள் திருமலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நெதம் பன்னெண்டணான்னு சொன்னது... சரி. நாளையிலேர்ந்து ஊசிக்கு நீங்களே இங்க வந்துருங்க, அண்ணே."

அந்த 'அண்ணே'யில் திருமலைக்குப் பழைய வலி திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கட்டிலில் அசைவு. ரத்னா எழுந்தாள். குனியாமல், நெட்டுக்குத்தாக!

"ஆடி மாசமா?" என்றாள். சத்தமே போடவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஆடியிலேர்ந்து நெதம் ராத்திரி எதுக்குயா உம் முதுகை அமுக்குனேன்?"

திருமலை பெஞ்சோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தான்.

சாலமோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க சார் போறீங்க?" டாக்டர் பதறினார்.

"டீக்கடைக்கு. இப்ப வரைக்கும் கொலைக் கேஸ் எதுவும் இல்ல டாக்டர்... ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன்!"