பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை

ஆனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்த நான்காம் நாள், சாமிதுரை ஏரும் மாடுமாக அந்த ஆறு மா நிலத்தில் இறங்கினான். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாயும் நல்ல நிலம், இரண்டு ஏக்கர். மிராசுதார் ரெங்கசாமி இந்த வருஷம்தான் அதை அவனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அதை உழுதவர் அவன் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி.

கண்ணுசாமி செத்து இரண்டு மாதமாகிறது.

காலையெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயிலில், வயலுக்குத் தண்ணீர் இறங்கும் மடைக்கு முன்னால் வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. தட்டிப் பார்த்தான். நகரவில்லை. இடத்து மாட்டின் தோல் விதிர்விதிர்த்தது. காலையிலிருந்து ஏருக்குப் பின்னாலேயே புழு பொறுக்கி வந்த கொக்குகளில் ஒன்றைக்கூடக் காணோம். மடையில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

எங்கிருந்தோ சுருட்டு வாடை அடித்தது. பிறகு காதுக்கு வெகு அருகில், கிசுகிசுப்பாக:

"தம்பி... இத கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

சாமிதுரை திரும்பவில்லை. அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. முழங்கை வரை சேறு. விரல்களுக்கிடையில் நாலாய் மடித்த காகிதம், ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து கிடந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்த வெயிலிலும் அவன் தோளில் சில்லென்று விழுந்தது.

நாக்கு தானாகப் புரண்டது.

"அடுத்த மாசம்ணே. அடுத்த மாசம் பத்தொன்பது."

அதே பொய். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை.

கை மெதுவாகப் பின்வாங்கியது. மாடுகள் நடந்தன.

குத்தகைக்காரர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பிறகு எந்த மிராசுதாரும் அவரை நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று கழக ஆட்சியில் சட்டம் வந்திருந்த சமயம் அது. கண்ணுசாமி மனுப் போட்டிருந்தார். மாசிக் கடைசியில், மார்ச் தொடக்கத்தில், விசாரணை நோட்டீஸ் வந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. வாயில் சுருட்டோடு வந்து, எட்டாவது படித்த சாமிதுரையிடம் நீட்டினார். முந்தின நாள்தான் மிராசுதாரின் காரியக்காரர் சாமிதுரையைக் களத்துமேட்டில் தனியே நிறுத்திப் பேசியிருந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு ஊரான் வயல்ல கூலிக்கு நிப்ப? அந்த ஆறு மாவ நீ பாக்குறியா?"

நோட்டீஸில் மார்ச் என்று இருந்தது. சாமிதுரை ஏப்ரல் என்று படித்தான்.

கண்ணுசாமி வராததால் மனு தள்ளுபடியானது. அடுத்த மாதம் துவைத்த வேட்டியோடு தாலுகா அலுவலகத்தில் போய் நின்றவரை, எல்லாம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர் வந்தவர் சாமிதுரையிடமே சொன்னார்: "நீ சரியாத்தான் படிச்சிருப்ப தம்பி. ஆபீசுலதான் தேதிய மாத்திப்புட்டாங்க."

நாலாம் நாள் காலை இந்த மடையில் குப்புறக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் உச்சியிலும் மாடுகள் அங்கேயே நின்றன. அதே வாடை. அதே கை.

"படிச்சுச் சொல்லேன்."

அன்றும் சாமிதுரை ஏப்ரல் என்றுதான் சொன்னான். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். "காய்ச்சலா?" என்று கேட்டு அவன் மனைவி ராமாயி தோளைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, பொணம் மாதிரி சில்லுனு இருக்கு?"

மூன்றாம் நாள் அவன் மாடு ஓட்டிப் போகவில்லை. தனியாகப் போய் மடைக்கு முன்னால் நின்றான். வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. தோளுக்கு மேல் காகிதம் வந்தது.

"பத்தொன்பதாம் தேதிண்ணே," என்றான். "மார்ச் பத்தொன்பது. வெள்ளிக்கிழமை. காலைல பத்தரை மணி. நீங்க வந்து நிக்கணும்னு போட்டிருக்கு."

கை பின்வாங்கவில்லை.

"அப்படியா?"

அதில் கோபமே இல்லை.

"அப்ப நான் போயிருக்கலாமே, தம்பி."

சாமிதுரை சேற்றில் மண்டி போட்டு அழுதான்.

ஈர வேட்டியோடு கண்ணுசாமியின் மனைவி செவ்வந்தி வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடி ஒன்றுவிடாமல் சொன்னான். நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. அழவும் இல்லை.

"எங்கிட்ட வந்து சொன்னா அவரு எழுந்து வரப்போறாரா? எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லுங்க."

"சொல்றேன் அண்ணி."

"அப்படிக் கூப்பிடாதீங்க," என்றாள்.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் சாமிதுரை தன் கையாலேயே எழுதினான். தேதியைத் தெரிந்தே மாற்றிப் படித்தேன். இருபத்திரண்டு வருஷமும் அந்த நிலத்தை உழுதவர் கண்ணுசாமிதான். கையெழுத்துப் போட்டு நீட்டினான். எழுத்தர் துரைக்கண்ணு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரிஞ்சுதான் எழுதுறீங்களா? உங்க குத்தகை போயிடும். ஊர்ல தலைகாட்ட முடியாது."

"தெரிஞ்சுதாங்க."

முத்திரை குத்தக் கையை ஓங்கியவர் நிறுத்தினார்.

"சாட்சிய ஏன் வெளியில நிக்க வச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

"சாட்சி யாரும் இல்லீங்க. தனியாத்தான் வந்தேன்."

"பின்ன இது யாரு வச்சது?"

சாமிதுரையின் கையெழுத்துக்குக் கீழே ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. மை அல்ல. கரிய வண்டல். ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்திருந்தது. துரைக்கண்ணு ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். தாளில் ஈரம் பரவியது. எடுத்துப் பார்த்தார். ரேகை முன்போலவே பளபளத்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

தள்ளுபடியான மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்தார்கள். தை மாதம் அந்த ஆறு மாவுக்குக் குத்தகைக்காரராகச் செவ்வந்தியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. சாமிதுரை பழையபடி கூலிக்குப் போகிறான். அந்த வயலுக்கு மட்டும் அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

உத்தரவின் நகல் எழுத அந்தக் கோப்பைத் திறந்த துரைக்கண்ணு, எழுந்து போய் இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்தார்.

ஏழு மாதம் ஆகியும் அந்த ரேகை காயவில்லை.