குடும்பம் நீங்கலாக

ஆவுடையப்பன் காலையில் கண் விழித்ததும் முதலில் மனைவியின் ரத்தத்தைத்தான் படிப்பார். பிறகுதான் பல் துலக்கப் போவார்.

நிலவின் வடமுனைப் பள்ளத்தில் இருந்த கூண்டூரில் எல்லா வீடுகளிலும் அதுதான் வழக்கம். காற்றையும் தண்ணீரையும் அளந்து வாழும் ஊர் அது. அங்கே குடியேறும் ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஓர் உணர்மணியைப் பதித்துவிடுவார்கள். மூச்சு, நாடி, ரத்தம், தூக்கம் எல்லாவற்றையும் அது அளந்து, சமையலறைச் சுவரில் இருக்கும் உடற்பலகைக்கு அனுப்பும். பச்சை என்றால் நலம்; சிவப்பு என்றால் ஆபத்து. பூமியில் இருக்கும் பிள்ளைகள்கூட அங்கிருந்தே அப்பா அம்மாவின் பலகையைப் பார்க்கலாம்.

"ராத்திரி ரெண்டு தடவை பயந்திருக்கியே, என்ன கனவு?" என்பார் ஆவுடையப்பன்.

"எங்க அம்மை வந்து முறுக்கு கேட்டா. எண்ணெய் எங்கேன்னு தேடிட்டே இருந்தேன்" என்பாள் கோமதி.

இப்படித்தான் அவர்களுடைய நாள் தொடங்கும். அவர் காற்றுச் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர். இளம் வயதிலேயே நிலவுக்கு வந்துவிட்டவர். மகள் உலகம்மையை வளர்ப்பதற்காகக் கோமதி திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் கணவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்குள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆவுடையப்பனால் இனி பூமிக்குத் திரும்ப முடியாது. நிலவின் மெல்லிய ஈர்ப்பில் பழகிப்போன அவருடைய இதயம் பூமியின் எடையைத் தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உடம்பின் சேதியெல்லாம் சுவரில் ஏறிவிடும் ஊரில், மறைப்பதற்கான கருவி விற்பனைக்கு வராமல் இருக்குமா? 'இமை' என்ற நிறுவனம் மறைதிரை என்ற ஒன்றை விற்றது. மாதச் சந்தா கட்டினால் போதும். உணர்மணியின் உண்மையான அளவுகளைத் தன் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நம்பும்படியான நல்ல அளவுகளைப் பலகைக்கு அனுப்பும். 'உங்கள் உடம்பு, உங்கள் ரகசியம். உறவினரோ வணிகரோ, எவர் கண்ணிலும் படாது' என்று ஊர் முழுவதும் விளம்பரம் செய்திருந்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் ஜாங்கிரி தின்றதை மறைக்க வாங்கினார்கள். காதலிப்பவர்கள் நாடித்துடிப்பை மறைக்க வாங்கினார்கள். ஆவுடையப்பனுக்கு அதெல்லாம் சிரிப்பாக இருந்தது. தன் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

இப்படி இருக்கையில்தான் அவருக்கு விசித்திரமான விளம்பரங்கள் வரத் தொடங்கின.

"இங்கே பாரு, ஒத்த ஆளுக்குச் சோறு பொங்குற குக்கராம். பாதி விலைக்குத் தரானாம். உன்னை எங்கே அனுப்பப் போறானாம்?" என்று சிரித்தார். கோமதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

இன்னொரு நாள் வீட்டுவசதி வாரியத்தில் இருந்து ஒரு பெண் அழைத்து, சின்ன வீடு போதுமா, பதிந்து வைக்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். அடுத்த வாரம் கல்யாணத் தரகர் ஒருவர் ஆலைக்கே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். 'இந்த வயசுலதான் சார் துணை வேணும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையப்பன். வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்தார். கோமதியின் வரிசை முழுக்கப் பச்சை.

பலகை பச்சையாக இருந்த ஒரு மத்தியானத்தில், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கோமதி அப்படியே சரிந்து விழுந்தாள். அவர் ஓடிவந்து முதலில் பார்த்தது பலகையைத்தான். பச்சை. வெறும் மயக்கம்தான் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார், விசிறிவிட்டார், எழுந்துவிடுவாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையை அழைத்தபோது வெகு நேரம் ஆகியிருந்தது.

எலும்பு மஜ்ஜையில் நோய், பல மாதங்களாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். நினைவு திரும்பியபோது கோமதி கணவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். மறைதிரை போட்டிருந்தேன்."

"ஏன் கோமதி? எங்கிட்டயா மறைப்பே?"

"பூமிக்குப் போனா வைத்தியம் இருக்குன்னாங்க. வருசக்கணக்கா அங்கேயே கிடக்கணுமாம். தெரிஞ்சா நீங்க என்னை அனுப்பிருப்பீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பாதி ஆயுசு பிரிஞ்சுதானே இருந்தோம். மறுபடியும் என்னைத் தனியாப் போகச் சொல்லுதீங்களா?"

அனுப்பியிருப்பார் என்பது அவருக்கும் தெரியும். அவள் காலில் விழுந்தாவது அனுப்பியிருப்பார்.

"உங்க கூட இருந்த இந்த மாசமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் ஆவுடையப்பன் இமை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் உலகம்மையின் வயதில் ஒரு பெண் இருந்தாள்.

"என் வீட்டுக்காரி மறைச்சதை நான் பார்க்கணும்மா. அந்த மாசங்கள்ல அவளுக்கு எவ்வளவு வலி இருந்துச்சுன்னு தெரியணும்."

"மன்னிக்கணும் சார். அம்மாவோட அந்தரங்கத்தை நாங்க வெளியில கொடுக்க முடியாது. அவங்க இறந்த பிறகும் காப்பாத்துறது எங்க கொள்கை."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். கதவு வரை போனவர், ஏதோ தோன்றியவராகத் திரும்பி வந்தார்.

"அப்போ குக்கர் விக்கிறவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தரகர் என்னைத் தேடி ஏன் வந்தார்?"

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவங்கல்லாம் எங்க பங்காளர்கள் சார். சேவையை மேம்படுத்துறதுக்காகத் தகவல் பகிர்ந்துக்குவோம். கடைகள், காப்பீட்டு நிறுவனம், வீட்டு வாரியம்... ஒப்பந்தத்துலயே இருக்கு. அம்மா சம்மதம் கொடுத்திருக்காங்க."

"அவ படிச்சிருக்க மாட்டாம்மா."

"யாருமே படிக்கிறதில்ல சார்."

"அப்படின்னா, எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் சார். அதுக்குத்தானே அம்மா வாங்கினாங்க. அந்த வகையில கருவி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு." சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "நானும் போட்டிருக்கேன் சார். எங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்."

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். பிசைந்த மாவு காய்ந்து ஒட்டியிருந்த தட்டை அவர் இன்னும் கழுவியிருக்கவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. தூக்கம் வரவில்லை. பலகையில் அவருடைய வரிசை மஞ்சளாகி, சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து உலகம்மை அழைத்தாள். நிறைமாத வயிற்றோடு இருந்தாள்.

"அப்பா, பலகையைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். ரத்த அழுத்தம் ஏறிட்டே போகுது. நீங்க சாப்பிடவே இல்ல. நான் கிளம்பி வாரேன்."

"இந்த நிலைமையில கப்பல் ஏறக் கூடாதும்மா. வயித்துப் பிள்ளை தாங்காது."

"அம்மாவைத்தான் கோட்டை விட்டுட்டோம். உங்களையும் விடச் சொல்லுதீங்களா? அடுத்த கப்பல்ல இடம் கேட்டிருக்கேன்."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பலகை அப்படிச் சொல்லலியே அப்பா."

பிறகு பேசுகிறேன் என்று அவர் இணைப்பைத் துண்டித்தார். பலகையின் முன்னால் வெகு நேரம் நின்றார். பிறகு இமை நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தார். பொடி எழுத்தில் நீண்ட ஒப்பந்தம் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று இன்று அவருக்குத் தெரியும். கட்டை விரலால் அதை மேலே மேலே தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த 'படித்தேன், சம்மதம்' என்ற பொத்தானைத் தொட்டார்.

மஞ்சள் மெல்ல மங்கிப் பச்சையானது. சற்று நேரத்தில் உலகம்மை மறுபடியும் அழைத்தாள்.

"இப்பதான் இறங்கியிருக்கு. சாப்பிட்டீங்களா அப்பா?"

"சாப்பிட்டேம்மா. ரெண்டு சப்பாத்தி. இனி தூங்கப் போறேன்."

"அப்போ நான் இப்பக் கிளம்பல. பிரசவம் முடிஞ்சு வாரேன். எதையும் எங்கிட்ட மறைக்காதீங்க, என்ன?"

"இல்லம்மா" என்றார்.

அழைப்பு முடிந்ததும் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கோமதி போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதார். இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டது. அது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிந்தது. வீட்டு வாரியத்துக்குத் தெரிந்தது. ஊரில் இருந்த அத்தனை கடைகளுக்கும் தெரிந்தது. மகள் மட்டும் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.