வெள்ளைச் சேறு

மாவட்ட அதிகாரி லெமேர் எங்கள் வால்பெயிர் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது நவம்பர் பதினொன்று, முதல் உலகப்போர் முடிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாளின் காலையில். பிரான்சின் கிரெஸ் மாவட்டத்து மூடுபனி அன்று வீட்டுக் கூரைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. காரை நிறுத்திய பிறகுதான் எதிரே நின்ற போர் நினைவுத்தூண் அவர் கண்ணில் பட்டது.

மாவட்ட நிர்வாகம் எங்கள் ஊரைப் பள்ளத்தாக்கிலுள்ள பெரிய ஊரோடு இணைத்துவிட்டது. ஜனவரியில் மேயர் பதவி போகும், சாலையோரப் பெயர்ப்பலகையும் போகும். போரில் இறந்த எங்கள் பையன்களின் பெயர்களை வாசிப்பதும் இனிமேல் கீழே அந்த ஊரில்தான். அதைச் சொல்லத்தான் அந்த அதிகாரி வந்திருந்தார்.

மேயர் ஒதேத் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூவண்ணப் பட்டையைக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டு தூணின் முன் போய் நின்றார். மாடு வளர்க்கும் நான் ஒருவன்தான் கூட்டம். ஓர் ஊரை இல்லாமல் ஆக்க ஒரு கையெழுத்து போதுமா?

"பேரைக் கூப்பிட்டா பதில் சொல்ல இங்க ஆளே இல்லையே, மேடம்," என்றார் லெமேர்.

"கூப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் ஒதேத்.

ஒவ்வொரு பெயருக்கும் 'பிரான்சுக்காக மாண்டார்' என்று கூட்டம் சொல்வது வழக்கம். கல்லில் செதுக்கிய முதல் பெயரை ஒதேத் வாசித்தார். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பனிக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

"இருக்கேன்."

ஈரக் கம்பளியும் வெடிமருந்தும் கலந்த நாற்றம். அடுத்த பெயர். இந்தக் குரல் வேறு, என் காதருகே.

"இருக்கேன்."

ஒதேத் நிறுத்தவில்லை. கடைசிப் பெயர் வரை குரலை உயர்த்தி வாசித்தார். ஆணியடித்த ராணுவ பூட்ஸ்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களுக்குப் பின்னால் நிற்பது கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. லெமேர் கார்க் கதவைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார்.

ஒதேத் அவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கேட்டீங்கல்ல? ஆளு இருக்கு. போய் அப்படியே சொல்லுங்க."

சொன்னாரோ என்னவோ, ஜனவரியில் ஆட்கள் வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒதேத்தும் நானும் வேலியருகே நின்று பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

"கொண்டு போகட்டும், ரெமி," என்றார். "எத்தனை தடவை கொண்டு போவாங்கன்னு பாப்போம்."

மறுநாள் காலை பலகை பழைய இடத்திலேயே நின்றது. கம்பத்தின் அடியில் ஈரச் சேறு, அதில் ஆணியடித்த பூட்ஸ் தடங்கள்.

எங்கள் மண் கறுப்பு.

அந்தச் சேறு வெள்ளை. எங்கள் பையன்கள் விழுந்து கிடந்த வடக்குப் போர்க்களத்தின் சுண்ணாம்பு மண்.