பதிவுக் குரல்

கடலடிச் சுரங்கத்தின் துளைப்பொறிகள் ஓய்வதே இல்லை. அவற்றின் இரைச்சல் தரைவழியாக ஏறி ஊரையே நிறைத்திருந்ததால், தூத்துக்குடியில் குரல்வடி மாட்டாத காது கிடையாது.

குரல்வடி ஒரு சல்லடை. ஆளுக்கொரு நடு அலைவெண், அதன் இருபுறமும் மெல்லிய பட்டை. பட்டைக்குள் விழும் ஒலி உள்ளே வரும். மற்றதெல்லாம் வெளியே நின்றுவிடும். திருகியைத் திருப்பினால் நடு அலைவெண் நகர்ந்து இன்னொருவர் குரலில் போய் நிற்கும். அதை வடிவமைத்தவள் ஜெசிந்தா. ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் குரல்களைப் பதிந்ததும் அவள்தான்.

சுரங்கத் தொழிலாளியான அவள் கணவன் கில்பர்ட், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து பதிவு நாற்காலியில் சாய்ந்தான். “என் கொறட்டைக்கும் ஒரு பட்டை ஒதுக்குவியாட்டி?” என்று சிரித்தான். அந்த நிதானமான குரலே அவனுடைய பதிவுக் குரலாயிற்று.

மேற்குச் சுரங்கவழி இடிந்து கடல்நீர் புகுந்தபோது ஜெசிந்தா மேலே ஒலிமேசையில் இருந்தாள். பாறைக்குள் பதித்த ஒலிவாங்கிகளில் கில்பர்ட்டின் அலைவெண்ணைத் தேடினாள். அமைதி. மீட்புப் பொறியோ ஒன்றுதான் இருந்தது. கிழக்கு வழியில் சிக்கியிருந்த நான்கு பேரின் குரல் கேட்டது. மீட்புத் தலைவர் பொன்பாண்டியிடம் அவள் மன்றாடினாள். மயங்கிக் கிடக்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “மேக்க ஆளு இல்ல மேடம். நான் சொல்லல, உங்க மிஷின் சொல்லுது.”

பொறி கிழக்கே போனது. ஒருவர் குரலில் அடுத்தவர் குரல் கலக்கக்கூடாதென்று, பதிவான குரல்களை விட்டுத் திருகி அதிகம் விலகாதபடி பூட்டு வைத்தவளும் அவள்தான். அதை நெம்பி உடைத்து, திருகியை மேலே மேலே நகர்த்தினாள். எங்கோ உயரத்தில் ஒரு கீச்சொலி. உலோகம் உரசுகிறதென்று எண்ணித் தாண்டிப்போனாள். ஏதோ உறுத்தவே கை திரும்பி வந்தது.

“ஏட்டி ஜெசி... கேக்குதா? தண்ணி கழுத்துக்கு வந்துட்டுட்டி.”

பயம் அவன் குரலைப் பட்டைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போயிருந்தது. பொறியைத் திருப்பி மேற்கே கொண்டுவருவதற்குள் அந்தக் கீச்சொலியும் நின்றது.

விசாரணையில் கருவிமீது குறை காணப்படவில்லை. இறந்தவர் தம் பதிவுக் குரலில் அழைக்கவில்லை என்று முடித்தார்கள். பட்டையை அகலமாக்கினால் இரைச்சல் உள்ளே புகுந்து யாருக்கும் யார் குரலும் கேட்காமல் போகும். கருவியை மாற்ற முடியாதென்றால் மனிதர்களை மாற்றலாம் என்று ஜெசிந்தா எழுதிக் கொடுத்தாள். அழுதுகொண்டேதான் எழுதினாள். இனி ஒருவரும் அப்படிச் சாகக்கூடாது, முக்கியமாகத் தன் மகள் பெனிலா.

பள்ளிகளில் அபாயப் பாடம் வந்தது. பெயர், இடம், நேர்ந்தது மூன்றையும் குரல் உயராமல் சொல்லவேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஆபத்தைக் கற்பனை செய்தார்கள். ஒருத்தன் தினமும் திமிங்கிலத்தின் வாய்க்குள் மாட்டினான். சுருதி பிசகாவிட்டால் சுவரில் பச்சை விளக்கு எரியும். பெனிலா வகுப்பில் முதலாவதாக வந்தாள். வீட்டு அடுப்படியிலும் அதேபோல ஒரு விளக்கை மாட்டி விடாமல் பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மகளின் குரல் காதில் தெளிவாக விழுந்தது.

“பெனிலா. மொட்டைமாடி. தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துட்டேன்.”

“நல்லா வருதுட்டி,” என்றாள் ஜெசிந்தா. “இன்னொரு தடவ சொல்லு மக்கா.”

மேலே தண்ணீர் அடித்துத் தளும்பிய ஓசை பட்டைக்கு வெளியே இருந்தது. குரல்வடி அதை உள்ளே விடவில்லை.

பெனிலா இன்னொரு தடவை சொன்னாள். இம்மியும் பிசகாத சுருதி. அடுப்படிச் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெசிந்தா மனம் நிறைந்து மீனைத் திருப்பிப் போட்டாள்.