மணல் மூட்டையில் 'சோ'

அன்று பிற்பகல் பாறசாலை போலீஸ் முகாமில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி, ரப்பர் தோட்டக்காரர் சோமன், பின்னறையில் பூட்டப்பட்டிருந்த மெக்கானிக் பொன்னையன், அவன் மனைவி சுகிர்தபாய், அவள் காலையில் போய் அழைத்துவந்த துப்பறிவாளர் ஞானையன், அவருடைய நண்பர் சத்தியதாஸ். முற்றத்தில் சோமனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

"நாலு மணிக்கு வேன் வருதாம் சாறே. இந்தக் கலவரத்துல ஜெயிலுக்குக் கொண்டு போனா, எனக்க மாப்பிள உயிரோட திரும்பமாட்டாரு," என்றாள் சுகிர்தபாய்.

மணி மூன்றரை. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு வெளியே கோஷம் எழும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் போனார்.

செவ்வாய் மாலை அந்தக் கார் ஒரு போலீஸ்காரரின் காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. துணிக்கூரையான படுதா மூடியிருந்ததால் ஓட்டியவர் தெரியவில்லை. புதன் காலை கார் பொன்னையனின் ஷெட்டில் நின்றது. திங்களன்று அங்கே விட்டேன், பிறகு தொடவில்லை என்றார் சோமன். செவ்வாய் மதியம் அவரே எடுத்துப் போய் இரவில் திரும்பக் கொண்டுவிட்டார் என்றான் பொன்னையன்.

"சாட்சி டயர் ஆக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "சோமன் ஓட்டின பழைய டயரைப் பாரும். உள்விளிம்பு மட்டும் தேஞ்சிருக்கு. திங்களன்று போட்ட புது டயர் முழு அகலத்துக்கும் ஒரேபோல ஓடியிருக்கு. அப்போ ஓட்டினது வேறே ஆள்."

ஞானையன் குனிந்து பார்த்தார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் தரை படும் இடமெங்கும் சீராக உதிர்ந்திருந்தன.

"ஷெட்டில் வேறென்ன எடுத்தீர்கள்?"

"ரெண்டு மணல் மூட்டை. ரெண்டிலும் சாக்பீஸில் 'சோ'. சோதனைச்சாவடி ரோட்டை அடைக்க வச்சிருந்தது."

"போராட்டக் கொடி ஒண்ணும் காணல்லியோ?" என்றார் சத்தியதாஸ். இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

மூட்டை ஒவ்வொன்றும் நூற்றிருபது ராத்தல் எடை. ஞானையன் பூட்டிய கதவருகே போனார்.

"பொன்னையா, இந்த மூட்டைகளை எங்கே வைத்தாய்?"

"டிரைவர் சீட்டுல சாறே. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தின வண்டி. சோமன் முதலாளி ஏறினா வீல் மேல்பக்கம் உள்ளே சாயும். ஷெட்டு சூட்டுல இருக்கமாட்டாரு. அதனால அவருக்க எடைக்கு மூட்டை வச்சுத்தான் வீலை நேராக்கினேன். சோமனுக்க மூட்டை, அதான் 'சோ'."

சுகிர்தபாய் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள்.

"இவனை ஐந்து நிமிடம் வெளியே விடுங்கள்," என்றார் ஞானையன்.

எலும்பும் தோலுமான பொன்னையன் காரில் ஏறினான். ஞானையன் தரையில் கிடந்த போராட்ட நோட்டீஸ் ஒன்றை வலது முன்சக்கரத்தின் உள்விளிம்புக்கு அடியில் செருகினார். உள்விளிம்பு தரையைத் தொடாததால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இவன் ஓட்டியிருந்தால் உள்பக்க முடிகள் அப்படியே இருந்திருக்கும். இந்தச் சக்கரம் இருநூற்று நாற்பது ராத்தல் ஆளுக்குத்தான் நேராக நிற்கும். சோமன், ஏறுங்கள்."

"மூட்டை மேலே இருந்து அவன் ஓட்டியிருக்கலாமே!" என்றார் சோமன்.

"ஓட்டலாம் முதலாளி, தல படுதாவைக் கிழிச்சு வெளிய நிக்கும்," என்றார் சத்தியதாஸ். படுதாவில் கிழிசல் இல்லை.

சோமன் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்து ஏற்றினார். கார் முனகித் தாழ்ந்தது. நோட்டீஸ் இம்முறை ரப்பரில் முட்டி மடங்கியது.

"அந்தப் போலீஸ்காரன்தான் குறுக்கே சாடினான்," என்றார் சோமன். "நான் பிரேக் சவிட்டினேன்."

தூரத்தில் வேனின் ஹாரன் கேட்டது. இன்ஸ்பெக்டர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சாவியை எடுத்தார். சோமனைப் பின்னறைக்குள் விட்டார். கதவைச் சாத்தினார். பூட்டினார்.