துரை யார் பக்கம்

வண்டியிலிருந்து இறங்கியதுமே தங்கை கூப்பிட்டது நாயைத்தான்.

"துரை! டேய் துரை! சித்தி வந்துட்டேன்டா!"

அக்கா செத்துப்போன வீடு அது. நாயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று சொல்லித்தான் குடிவந்தாள். காது தொங்கிய கறுப்பு நாய் எட்டிப் பார்த்தது. பெட்டிகளை முகர்ந்தது. பிறகு உள்ளே போய், சன்னலோரம் கிடந்த அக்காவின் சாய்வு நாற்காலிக்கடியில் சுருண்டுகொண்டது.

தங்கை சலவைக்கடை வைத்திருப்பவள். கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே எல்லோரும் அக்கா பக்கம்தான். அம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், தங்கையைப் பெண் பார்க்க வந்து அக்காவோடு பேசிச் சிரித்துவிட்டுப் போன அந்த மாப்பிள்ளை வரை. இந்த நாயையாவது தன் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடுதான் வந்திருந்தாள்.

அவள் கையால் வைத்த எதையும் துரை தொடவில்லை. அவள் கூப்பிட்டால் முதலில் காலி நாற்காலியை நிமிர்ந்து பார்த்தது, உத்தரவு கேட்பது போல. பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

நாய் டாக்டர் வந்து பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, துக்கம்தான். நீங்க போட்டுக் கழட்டின துணிய, துவைக்காம, அது படுக்கையில போடுங்க. உங்க வாசனை பழகட்டும். சும்மா பக்கத்துல உட்காருங்க. அவசரப்படாதீங்க."

"எப்பதான் டாக்டர் எங்கிட்ட வரும்?"

"பேரே துரை. அவரு மனசு வைக்கணும்ல?" என்று சிரித்தார்.

தன் பழைய சட்டையைப் படுக்கையில் விரித்தாள். விடிந்தபோது அது வாசலுக்கு வெளியே கிடந்தது. நாய் இழுத்துப் போட்டிருக்கும் என்று நினைத்தாள். திரும்பவும் விரித்தாள்.

மறுநாளும் வெளியேதான்.

இந்த முறை மடித்திருந்தது.

சட்டைக் கைகள் இரண்டும் உள்ளே, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, கடையில் இப்படி மடிக்க ஆள் கிடைத்தால் உடனே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது போல. பயப்பட வேண்டியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டியா நீ?" என்றாள், நாற்காலியைப் பார்த்து.

டாக்டர் சொன்னது தன் வாசனையைச் சேர்க்க. சலவைக்காரிக்குத் தெரிந்ததோ வாசனையைக் கழிக்க. அன்று கடையைத் திறக்கவில்லை. அக்காவின் துணிமணி, போர்வை, சன்னல் திரை, தலையணை உறை, நாற்காலி மெத்தை என்று ஒன்றுவிடாமல் சோடாவில் ஊறப்போட்டு, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்தாள். தரையையும் சுவரையும்கூட விடவில்லை. வீடே பிளீச்சிங் பவுடர் நெடியடித்தது.

சாயங்காலம் துரை மூலை மூலையாக முகர்ந்து அலைந்தது. அலமாரிக்கடியில் மூக்கை நுழைத்து முனகியது. கடைசியில் அவளிடம் வந்தது.

அவள் புறங்கையை முகர்ந்தது.

வால் ஆடியது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஊட்டியதைத் தின்றது. மடியில் தலை வைத்தது. காதுக்குப் பின்னால் நக்கியது.

"என் ராஜா! இனிமே உனக்கு நான்தான்டா. நான் மட்டும்தான்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் அந்த வாசனை தட்டியது.

சோப்பு இல்லை. சோடா இல்லை. கடைசி நாட்களில் அக்கா நெஞ்சில் தேய்த்துக்கொண்ட தைலம். கூடவே அக்காவின் வியர்வை.

இந்த வீட்டில் அலசப்படாமல் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

குளியலறைக்கு ஓடினாள். துணி சோப்பையும் துணி பிரஷையும் எடுத்துத் தோல் சிவந்து எரியும்வரை தேய்த்தாள்.

வெளியே வந்ததும் கையை நீட்டினாள். துரை ஒருமுறை முகர்ந்தது. யாரோ எவரோ என்பது போல விலகிப் போனது.

கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்தது. கண் சொருகியது.

வயிற்று மயிர் மெல்ல அமுங்கியது.

நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது. விரல் விரலாக, கழுத்திலிருந்து கீழ்நோக்கி.

அவள் ஓடிப்போயிருக்கலாம். வாசல் பக்கத்தில்தான். தெருவில் இன்னும் வெளிச்சமிருந்தது, பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் துரையின் முகத்திலிருந்த அந்தச் சுகம் அவளைப் போகவிடவில்லை. தன் மடியில் கிடந்தபோதுகூட அது இப்படிக் கிறங்கவில்லை.

மண்டியிட்டாள்.

"கொஞ்சம் எனக்கும் குடேன்க்கா," என்று முணுமுணுத்தபடி, அமுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே கையை வைத்தாள்.

பளீரென்று விழுந்தது அடி.

தேய்த்துத் தேய்த்துப் புண்ணான புறங்கையில் விரல்களின் தடம் ஒவ்வொன்றாக எழும்பியது.

துரை கண்ணைத் திறக்கவேயில்லை. அதன் மயிர் மறுபடி அமுங்கியது, இந்த முறை இன்னும் நிதானமாக, அவள் பார்க்கட்டும் என்பது போல.