சென்னை இருட்டு

நிரபராதி என்ற பெயருக்கு விலை ஏழாயிரத்து நானூறு ரூபாய். அந்தமான் பாக்கு வியாபாரி சொக்கலிங்கம் அந்தத் தொகைக்கு ஒரு சென்னை டிக்கெட் வாங்கிக்கொண்டான். வாங்க வக்கில்லாத கூலியாள் அழகையா கொலைக் கேசில் உள்ளே போனான்.

அழகையாவின் மனைவி வசந்தகுமாரியைத் தன் டாக்சியில் பத்துபஸ்திக்கு அழைத்து வந்தவன் பாலகுமார். வந்தது நளினியிடம். போர்ட் பிளேர் விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். சிக்கல் என்றால் அந்தப் பக்கத்துச் சனம் தீதி, அதாவது அக்கா, என்று அவரிடம்தான் வரும்.

டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, அழகையா வேலை பார்த்த சௌல்தாரி பாக்குத் தோப்பில், அதில் சொக்கலிங்கத்துக்குப் பாதிப் பங்குக் கூட்டாளியான ரவிக்குமார் வெட்டுப்பட்டுச் செத்தான். பக்கத்தில் கிடந்தது அழகையாவின் அரிவாள். தான் பிற்பகல் விமானத்திலேயே போய்விட்டதாகச் சொக்கலிங்கம் போனில் போர்டிங் பாஸைக் காட்டினான். போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அருவா கொட்டாயிலதாங்க மாட்டியிருக்கும். யாரும் எடுக்கலாம். எங்க வீட்டுக்காரர் பேச்ச யாருங்க கேக்குறா?" என்றாள் வசந்தகுமாரி.

பாலகுமாருக்குப் பொறுக்கவில்லை. "சென்னைக்கு ஆயிரத்து முந்நூத்தெழுபது கிலோமீட்டர், ரெண்டேகால் மணி நேரம். சொக்கலிங்கம் அஞ்சு மணிக்கு இங்க வெட்டிட்டு, அதே நேரம் அங்க போய் நிக்க முடியாதே மேடம்."

"போகவே இல்லைன்னா?" என்றார் நளினி.

பதினாறாம் நாள் காரியம் ஷாதிபூரில், ரவிக்குமார் வீட்டில். இன்ஸ்பெக்டர் ஜெகநாதனும் வந்திருந்தார். சொக்கலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்த நளினி, பயணம் சௌகரியமா என்று விசாரித்தார்.

"அத ஏன் கேக்குறீங்க தீதி. சென்னை ஏர்போர்ட்ட விட்டு வெளிய வரும்போது அஞ்சு இருபது. கும்மிருட்டு. ஹெட்லைட்டுக்கு நடுவுல மச்சான் காரத் தேடியே அலுத்துட்டேன்."

"மழை மேகமோ?"

"ஒரு பொட்டு இல்ல. ஆசமான் சாஃப். வானம் தொடச்ச மாதிரி."

நளினி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த மாசம் இங்க அஞ்சுக்கு முன்னயே சூரியன் விழுந்துடும். நம்ம கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் ஒண்ணுதான், பொழுது ஒண்ணில்ல. அங்க மேற்கால போய்ச் சேர அதுக்கு இன்னும் முக்கால் மணி ஆகும். அஞ்சு இருபதுக்குச் சென்னையில வெயில் இருக்கும் சொக்கலிங்கம். நீங்க பார்த்த இருட்டு சௌல்தாரி இருட்டு. போர்டிங் பாஸ வீட்ல உட்கார்ந்தே எடுக்கலாம். ஏறினீங்களான்னு அது சொல்லாது."

ஓடுவான் என்று பாலகுமார் வாசலை மறித்து நின்றான். சொக்கலிங்கம் எழுந்திருக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து ஐந்து மணிக்கு விளக்குப் போட்டே பழகியவன். பொய்யிலும் அதே நேரத்துக்குப் போட்டுவிட்டான்.

ஜெகநாதன் பயணிகள் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஐந்தாம் தேதி அந்த இருக்கை காலியாகப் போயிருந்தது. அவன் பறந்தது மறுநாள் காலை. தோப்பு முழுவதையும் தன் பேருக்கு ஆக்கத்தான் வெட்டினான் என்பது பிறகு வெளிவந்தது.

அழகையா வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டது இன்றைக்கு என்ன தேதி என்பதை. தோப்பு வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை. வண்டியை ஓட்டியபடி பாலகுமார் கூட்டிப் பார்த்தான். விமானத்துக்கு இரண்டேகால் மணி, சூரியனுக்கு முக்கால் மணி. இரண்டும் சரியாக நின்றன. அழகையா உள்ளே கிடந்த பத்தொன்பது நாள் மட்டும் எவர் பேரிலும் ஏறாமல் பாக்கி நின்றது.